கானக நாடு காபோன்



மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், வாழைச்சேனையை அடையுமுன் கிரான் என்னும் ஊர் வருகின்றது. கிழக்கே கடல், மேற்கே ஆறும் வாவியும் கலந்த நீர்ப்பரப்பு, அதற்கப்பால் வயல்வட்டைகள், வயலுக்கப்பால் காடு, காட்டின் நடுவே குடும்பிமலை. இந்த ஊரிலுள்ள ஒரு பாடசாலையில், ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மணிநேரம் பாடம் சொல்லும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. மத்திய ஆபிரிக்காவிலுள்ள மழைக்காட்டு நாடொன்றை அவர்களுக்கு அறிமுகம் செய்வதென்று முடிவு செய்திருந்தேன். அன்று நான் சொன்னவற்றையும், பிள்ளைகளிடமிருந்து நான் கற்றவற்றையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் ஒரு கேள்வி கேட்டேன். "ஆபிரிக்கா என்றதும் உங்கள் மனத்தில் தோன்றுவது என்ன?" சிங்கம் என்றான் ஒருவன். பாலைவனம் என்றாள் ஒருத்தி. பசியால் வாடும் மக்கள் என்றார் சிலர். கடைசியில் ஒரு சிறுவன் எழுந்து, "அங்க எல்லாரும் சூனியம் செய்வாங்க சேர்" என்றான்.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. வேறொரு கேள்வி கேட்டேன். "நம் மட்டக்களப்பைப் பற்றி வெளியூரார் என்ன சொல்வார்கள், தெரியுமா?" பின்வரிசையிலிருந்த ஒரு சிறுமி உடனே விடை சொன்னாள்: "பாயோட ஒட்டவைச்சிருவாங்க எண்டு சொல்லுவாங்க சேர்!" வகுப்பு முழுவதும் சிரித்தது. "அது உண்மையா?" என்றேன். "இல்ல சேர்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "அப்படியானால், ஆபிரிக்கரைப் பற்றிச் சொல்லப்படுவது மாத்திரம் உண்மையாயிருக்குமா?" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. சூனியம் என்று சொன்ன சிறுவன் தலையைச் சொறிந்தான். அதன் பின்னரே பாடத்தைத் தொடங்கினேன்.

அந்த நாட்டின் பெயர் காபோன். ஆபிரிக்காக் கண்டத்தின் மேற்குக் கரையோரமாக, பூமத்திய ரேகை ஊடறுத்துச் செல்லும் இடத்தில் அது அமைந்திருக்கின்றது. பரப்பளவு 267,667 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல நான்கு மடங்குக்குச் சற்று மேல் எனலாம். ஆனால் அங்கு வாழும் மக்களோ ஏறத்தாழ 25 இலட்சம் பேரே. நான்கு இலங்கைகள் கொள்ளும் நிலத்திலே, நம் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கினர் வாழ்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். எஞ்சிய இடமெல்லாம் என்ன? காடு. நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்ட பங்கு காடே. உலகின் இரண்டாவது பெரிய மழைக்காடாகிய கொங்கோப் படுகைக் காட்டின் மேற்கு ஓரம் அது.

கிரானில் பாடசாலை மணி அடித்துப் பிள்ளைகள் வீடு திரும்பும் பிற்பகல் ஒன்றரை மணிக்கு, காபோன் பிள்ளைகளுக்குக் காலை ஒன்பது மணி. நாம் நாலரை மணி நேரம் முந்திச் சூரியனைக் காண்கின்றோம். எழுவான்கரைப் பிள்ளைகளாகிய நீங்கள் கண்ட சூரியனே படுவான்கரையையும் கடந்து, இந்து சமுத்திரத்தையும் கடந்து, ஆபிரிக்காக் கண்டம் முழுவதையும் கடந்து அவர்களிடம் செல்கின்றது என்று சொன்னபோது, பிள்ளைகள் யன்னல் வழியாக மேற்கே பார்த்தார்கள்.

காபோன் என்ற பெயர் எப்படி வந்தது? 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கேய மாலுமிகள் அக்கரையை அடைந்தனர். அங்கிருந்த அகன்ற கழிமுகத்தின் வடிவம், தலைமூடியுடன் கூடிய தங்கள் நாட்டு மேலங்கியைப் போல அவர்களுக்குத் தோன்றிற்று. அவ்வங்கிக்குப் போர்த்துக்கேய மொழியில் "கபாவ்" என்று பெயர். அதுவே திரிந்து நாட்டின் பெயராயிற்று. அதே போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். நாம் இன்று வழங்கும் மேசை, கதிரை, அலுமாரி, பாண் ஆகிய சொற்கள் அவர்கள் விட்டுச் சென்றவை.

இவ்விடத்தில் பிள்ளைகளைக் குடும்பிமலையை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். நம்முடைய முன்னோர் அம்மலையைப் பார்த்தபோது, அள்ளி முடிந்த குடும்பியாக அது தெரிந்தது. ஆங்கிலேயர் பார்த்தபோது, அவர்கள் நாட்டுப் பிரபு ஒருவரின் தொப்பியாகத் தெரிந்தது. "பாரனின் தொப்பி" என்றே தங்கள் வரைபடத்தில் எழுதினர். மலை ஒன்றுதான்; பார்ப்பவன் தன்னிடமுள்ள பொருளையே அதில் காண்கின்றான். காபோன் கழிமுகத்தில் போர்த்துக்கேயர் தம் அங்கியைக் கண்டதும் அவ்வாறே. ஒரு நாட்டை அறிய விரும்புவோர், முதலில் தம் தொப்பியையும் அங்கியையும் கழற்றி வைத்துவிட வேண்டும்.

தலைநகரின் பெயர் லிப்ரவில். பிரெஞ்சு மொழியில் "விடுதலை நகர்" என்று பொருள். அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் அடிமை வியாபாரம் நடந்த காலம் அது. 1846ஆம் ஆண்டில் அடிமைகளை ஏற்றிச் சென்ற "எலிசியா" என்னும் கப்பலைப் பிரெஞ்சுக் கடற்படையினர் மடக்கினர். அதிலிருந்து விடுவிக்கப்பட்டோரிற் சிலர் 1849ஆம் ஆண்டில் இக்கழிமுகக் கரையில் குடியேற்றப்பட்டனர். அதனால் வந்தது அந்தப் பெயர். ஆயினும் பெயரில் விடுதலை இருந்ததேயன்றி நாட்டில் இருக்கவில்லை. பிரான்சின் ஆட்சி தொடர்ந்தது. 1960ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆந் திகதியே காபோன் சுதந்திரம் பெற்றது. அதன் கொடியிலே மூன்று பட்டைகள்: மேலே பச்சை, அது காடு, நடுவே மஞ்சள், அது பூமத்திய ரேகையும் வெய்யிலும், கீழே நீலம், அது கடல்.

இனிக் காட்டுக்குள் செல்வோம். கிரானுக்கு மேற்கேயுள்ள காடு வரண்ட வலயத்துக் காடு. பாலையும் வீரையும் முதிரையும் அங்கே வளர்கின்றன. ஐப்பசி தொடங்கித் தை வரையிலான மாரி மழையை நம்பி, ஆண்டின் எஞ்சிய மாதங்களைத் தாகத்தோடு கழிக்கும் காடு அது. காபோன் காடோ என்றும் பசுமையானது. நம் நாட்டில் அதற்கு ஒப்பானது வேண்டுமென்றால், தெற்கே சிங்கராசக் காட்டையே காட்ட வேண்டும். 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்ட காடு அது. காபோனிலும் கோடை உண்டு. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாதி வரை மழை பெய்வதில்லை. ஆனால் நம் கோடையைப் போல வானம் வெளுத்து எரிவதில்லை. மேகம் மூடியே இருக்கும். மழை மாதங்களைவிடக் குளிராகவும் இருக்கும். மழையில்லா மேகத்தின் கீழே காடு ஈரத்தைக் காத்துக்கொண்டு நிற்கின்றது.

இவ்வளவு பெரிய காடு வளர்ந்திருக்கின்றதே, அந்த மண் மிகவும் வளமானதாயிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவோம். பிள்ளைகளும் அப்படித்தான் எண்ணினார்கள். உண்மை வேறு. அம்மண்ணிற் பெரும்பகுதி மிகப் பழமையானது. பன்னெடுங்கால மழையிற் சத்துக் கரைந்து போனது. காட்டின் செல்வம் மண்ணில் இல்லை, மரங்களிலேயே இருக்கின்றது. விழுந்த இலை சில வாரங்களில் மக்கிப்போகின்றது. மேலோடும் வேர்கள் அச்சத்தை உடனே உறிஞ்சி மறுபடியும் இலையாக்குகின்றன. கையிலுள்ள காசைப் பெட்டியில் வையாது, நாள்தோறும் வியாபாரத்தில் புரளவிடும் வணிகனைப் போன்றது அக்காடு. மரத்தை முற்றாக வெட்டிவிட்டால் முதலே போய்விடும். நம் சேனைப்பயிர்க்காரர் இதை நன்கு அறிவர். முதலாண்டு சிரிக்கும் சேனை மூன்றாமாண்டு முகம் சுளிக்கும்.

மழையும் அவ்வாறே. மரங்கள் வேரால் இழுத்த நீரை இலையால் ஆவியாக வெளிவிடுகின்றன. அவ்வாவி மேகமாகி அக்காட்டுக்கும், காற்று வீசும் திசையிலுள்ள தூர நாடுகளுக்கும் மழையாகின்றது. கடலிலிருந்து ஒருமுறை வந்த நீரைக் காடு பலமுறை பயன்படுத்துகின்றது.

அக்காட்டின் மரங்களுள் பெயர்பெற்றது ஒகூமே. காபோனிலும் அதை அடுத்த சில பகுதிகளிலும் மாத்திரமே வளர்வது. நாற்பது மீற்றர் உயரம்வரை நிமிர்ந்து வளரும். இதன் அடிமரத்தைக் குடைந்து தோணி செய்தார்கள். இதன் பிசினைப் பந்தமாகக் கொளுத்தினார்கள். பின்னர் ஐரோப்பாவில் ஒட்டுப்பலகை செய்வதற்கு இது சிறந்த மரமென்று கண்டு, மரக்குற்றிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றனர். குற்றியாகப் போன மரம் பலகையாகவும் தளபாடமாகவும் மாறியபோது, வேலையும் இலாபமும் வெளிநாட்டாருக்கே சேர்ந்தன. 2010ஆம் ஆண்டில் காபோன் அரசாங்கம் அறுக்கப்படாத குற்றிகளை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. லிப்ரவிலுக்கு அருகிலுள்ள ந்கோக் என்னுமிடத்தில் மர ஆலைகள் எழுந்தன. பச்சை மரமாக விற்பதைவிடப் பலகையாக விற்பது நன்று என்பதைத் தச்சுத் தொழில் அறிந்த எவரும் ஒப்புக்கொள்வர்.

நாட்டின் நடுவே ஓடும் பேராறு ஒகோவே. ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளமுடையது. நம் மகாவலியைப் போல மூன்றரை மடங்கு. தெரு இல்லாத ஊர்களுக்கு ஆறே தெரு. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குச் செல்லும் தெருவை மாரி வெள்ளம் மூடி, மக்கள் தோணியிலும் படகிலும் கடந்த நாள்களைக் கண்ட பிள்ளைகளுக்கு, இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "எங்களுக்கு மாரியில மட்டும், அவங்களுக்கு எப்பவும்" என்று ஒரு சிறுவன் எனக்கே எடுத்துச் சொன்னான்.

ஒகோவே ஆற்றங்கரையில் லம்பரேனே என்னும் ஊர் உண்டு. 1913ஆம் ஆண்டில் அல்பேர்ட் சுவைற்சர் என்னும் மருத்துவர் அங்கே வந்து, ஒரு பழைய கோழிக்கூட்டைத் திருத்தி வைத்தியம் செய்யத் தொடங்கினார். 1952ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1965ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் காபோனைப் பற்றி வாசித்தால், இவர் ஒருவரைப் பற்றியே வாசித்தார்கள். அவர் தொண்டு பெரியது, ஐயமில்லை. ஆனால் அத்தொண்டு நடைபெறத் துணைநின்ற உள்நாட்டாரை யார் நினைத்தார்கள்? அவருடைய முதல் உதவியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர் ஜோசப் என்பவர். முன்பு சமையற்காரராயிருந்தவர். பிரெஞ்சும் ஆங்கிலமும் பல உள்நாட்டு மொழிகளும் அறிந்தவர். நோயாளிக்கு எவ்விடத்தில் வலி என்பதை, இறைச்சித் துண்டங்களுக்குச் சமையற்காரர் வழங்கும் பெயர்களாலேயே மருத்துவருக்கு எடுத்துச் சொல்வாராம். அவர் நாவின்றி அந்த மருத்துவர் ஊமையாயிருந்திருப்பார். ஒரு நாட்டின் கதையைச் சொல்லும்போது, அங்கு வந்து சேர்ந்தவரை மாத்திரமன்றி, அங்கேயே இருந்தவரையும் சொல்லுதல் முறையாகும்.

காபோன் பிள்ளைகள் என்ன உண்கின்றார்கள்? இக்கேள்வி எல்லாப் பிள்ளைகளும் கேட்பது. மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் மீனும் என்றேன். "எங்கட மரவள்ளியா?" என்று வியந்தார்கள். ஆம், அதே மரவள்ளிதான். அது நமக்கும் சொந்தமன்று, அவர்களுக்கும் சொந்தமன்று. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். ஒல்லாந்தர் காலத்தில் அது இலங்கையை அடைந்தது. கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. ஆகவே அங்குள்ள பெண்கள் கிழங்கைச் சில நாள் நீரில் ஊறவைத்து, நார் நீக்கி, இடித்து, நீளமாக உருட்டி, இலையிற் சுற்றி அவித்தெடுப்பர். பல நாள் கெடாது. பிரயாணத்திற்குக் கட்டுச்சோறு போன்றது அது.

இனி, யானை. நான் யானையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் வகுப்பின் முகமே மாறிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பெரியவர்களைப் போல ஆனார்கள். ஒரு சிறுமி மெல்லக் கேட்டாள்: "அங்கயும் யானை ஊருக்குள்ள வருமா சேர்?" வேளாண்மைக் காலத்தில் பரணிலே கண்விழிக்கும் தகப்பனுடைய பிள்ளையாக அவள் இருக்கலாம். பரணுக்குப் போனவர் திரும்பாத வீடுகளும் நம் பகுதியில் உண்டு. ஆகவே மிகக் கவனமாகவே விடை சொன்னேன்.

காபோனில் இருப்பவை காட்டு யானைகளில் ஒரு தனி இனம். ஆபிரிக்கப் புல்வெளி யானையினும் சிறியவை, காது வட்டமானது, தந்தம் நேராகக் கீழ்நோக்கி இருக்கும். நம் நாட்டில் கொம்பன் மிக அரிது, பெரும்பாலானவை அலியன்களே. அங்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. அத்தந்தமே அவற்றுக்கு யமனாயிற்று. கள்ள வேட்டையினால் ஆபிரிக்கா முழுவதிலும் இவ்வினம் அருகி, 2021ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியவற்றிற் பெரும்பகுதி காபோனில்தான் உள்ளது. யானை இலத்தியிலுள்ள மரபணுவை ஆராய்ந்து எடுக்கப்பட்ட கணக்கு, ஏறத்தாழ 95,000 யானைகள் அங்கிருப்பதாக 2021இல் காட்டிற்று. இலங்கையில் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி 5,879.

யானையைக் காட்டின் தோட்டக்காரன் என்பர். பழத்தை உண்டு, பல கிலோமீற்றர் நடந்து, விதையை எருவோடு சேர்த்து விதைக்கின்றது. மிகப் பெரிய விதையுடைய சில மரங்களுக்கு யானையை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் அத்தோட்டக்காரனுக்கும் இப்போது கூலி குறைந்துவிட்டது. லோபே என்னும் வனப்பகுதியில் 1986 முதல் 2018 வரை மாதந்தோறும் மரங்களைக் கவனித்த ஆய்வாளர்கள், பழுத்த பழம் கண்ணிற்படும் வாய்ப்பு ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டதாக 2020இல் அறிவித்தனர். யானைகளின் உடல் மெலிந்ததையும் கண்டனர். இரவுக் குளிர் குறைந்ததால் சில மரங்கள் முன்போலப் பூப்பதில்லை என்பது அவர்கள் கருத்து. பழம் குறைந்த காட்டிலிருந்து யானை எங்கே செல்லும்? மரவள்ளித் தோட்டத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் செல்லும். ஒரே இரவில் ஓராண்டு உணவை இழந்த குடும்பங்கள் அங்கும் பல. யானையைக் காப்பாற்றுகிறீர்கள், எங்களை யார் காப்பாற்றுவார் என்று அங்குள்ள கிராமத்தவர் கேட்கின்றனர். இதே கேள்வி நம் வயல்வட்டைகளிலும் கேட்கின்றது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர்.

இதற்கு விடை என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். எளிய விடை என்னிடம் இல்லை என்றே சொன்னேன். காபோன் 2002ஆம் ஆண்டில் 13 தேசிய வனங்களை ஏற்படுத்திற்று. காட்டைக் காத்ததற்காக 2021ஆம் ஆண்டில் நோர்வே நாடு வழங்கிய 1 கோடி 70 இலட்சம் டொலரைப் பெற்றது. அக்காடு உலகத்தார் விடும் புகையை உறிஞ்சித் தருகின்றது. ஆகவே காட்டைக் காக்கும் செலவை உலகமும் பகிர வேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் அப்பணத்தின் பயன், யானையோடு இரவிற் போராடும் குடியானவனின் வாசலை எட்டினால்தான் நியாயம் முழுமை பெறும். கணக்கில் வரும் யானைக்கும், கணக்கில் வராத வேளாண்மைக்கும் ஒருசேர வழி காண்பதே இரு நாடுகளுக்கும் உள்ள பொறுப்பு.

காபோனை ஒரு சுவர்க்கமாகக் காட்டுவதும் பிழையாகும். அங்கே மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மூலமான எண்ணெய்வளம் உண்டு, மங்கனீசு உண்டு, லிப்ரவிலை அடுத்த ஒவெண்டோத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுப் பிரான்சுவில் வரை காட்டை ஊடறுத்துச் செல்லும் புகையிரதப் பாதை 1986ஆம் ஆண்டில் நிறைவுற்றது. செல்வம் இருந்தும் வறியோர் மிகப் பலர். 1967 முதல் 2023 வரை தந்தையும் மகனுமாக ஒரே குடும்பத்தாரே பெரும்பாலும் ஆட்சி செய்தனர். 2023 ஆகஸ்டில் இராணுவத்தார் அவ்வாட்சியை அகற்றினர். பிள்ளைகளுக்கு இதை விரிக்க வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை.

முடிவாக ஒன்றைச் சொன்னேன். நம் மட்டக்களப்புத் தமிழகம் பெற்றெடுத்த சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்த யாழைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து "யாழ் நூல்" எழுதினார். 1947ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. வில்லைப் போல் வளைந்த தண்டும் நரம்பும் உடைய அப்பழந்தமிழ்க் கருவியை நாம் ஏட்டிலும் சிற்பத்திலுமே காண்கின்றோம். காபோனிலோ, வளைந்த தண்டும் எட்டு நரம்பும் கொண்ட "ங்கோம்பி" என்னும் யாழ் இன்றும் சடங்குகளில் இசைக்கப்படுகின்றது. அவர்கள் நம்மிடமிருந்து பெற்றார்கள் என்றோ, நாம் அவர்களிடமிருந்து பெற்றோம் என்றோ சொல்ல நான் துணியவில்லை. நாம் இழந்துவிட்ட ஒன்றைப் போன்றதை அவர்கள் இழக்காமல் வைத்திருக்கின்றார்கள், அவ்வளவே. காட்டுமிராண்டிகள் என்று எவரைச் சிலர் சொன்னார்களோ, அவர்கள் கையில் யாழ் இருக்கின்றது.

பெற்றோரே, ஆசிரியர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தூர நாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அதன் விந்தையிலிருந்து தொடங்காதீர்கள். தெரிந்த மரவள்ளியிலிருந்தும் தெரிந்த தோணியிலிருந்தும் தொடங்குங்கள். ஒற்றுமையைக் கண்ட பின்னர் வேற்றுமையைக் காட்டினால், பிள்ளை அதைக் கண்டு இகழாது, அறிய விரும்பும். சிங்கத்தைக் கேட்ட சிறுவனுக்கும் நான் விடை சொன்னேன். சிங்கம் மழைக்காட்டில் வாழ்வதன்று, புல்வெளியில் வாழ்வது. காபோனில் சிங்கமே இல்லையென்று எண்ணியிருந்த வேளையில், 2015ஆம் ஆண்டில் தென்கிழக்கிலுள்ள பத்தேக்கே புல்வெளியில் தனி ஆண்சிங்கம் ஒன்று தானியங்கிப் படக்கருவியிற் பதிந்தது. அது பெருஞ் செய்தியாயிற்று என்றேன். "அப்ப அவங்களும் எங்களப் போலத்தான் சிங்கத்தப் படத்தில பாக்கிறாங்க" என்றான் அவன்.

மணி அடித்தது. சூனியம் என்று முதலிற் சொன்ன சிறுவன் என்னிடம் வந்தான். "சேர், அங்க உள்ள பிள்ளைகளுக்கு எங்களப் பத்தி யாரும் சொல்லுவாங்களா?" என்று கேட்டான். "சொன்னால் என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டேன். சற்று யோசித்தான். "பாயில ஒட்டவைக்க மாட்டம் எண்டு சொல்லச் சொல்லுங்க. யானை எங்களுக்கும் இரிக்கு எண்டு சொல்லச் சொல்லுங்க" என்று கூறிவிட்டு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவை நோக்கி ஓடினான்.